ராஜாவுக்கு செக்

பெட்டிக்கடை வாசலில் தொங்கும் வார இதழ் அட்டைகளை நம்புவதென்றால், தமிழ்நாட்டில் யாராவது ஒருவர் யாராவது ஒருவருக்கு எப்போதும் ‘செக்’ வைத்துக்கொண்டே இருக்கிறார். தலைவர் மாவட்டச் செயலாளருக்கு வைக்கிறார். கூட்டணிக் கட்சி பெரிய கட்சிக்கு வைக்கிறது. செக் வாங்கியவர் அடுத்த வார அட்டையில் சிரித்தபடி வந்து, வைத்தவருக்கே திருப்பி வைக்கிறார். சதுரங்கப் பலகையில் இப்படி மாறி மாறி நடந்தால் ஆடுகிறவர்கள் டிரா என்று கைகுலுக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். அரசியலில் யாரும் எழுந்து போவதில்லை.

நான் இந்தச் சொல்லை முதலில் கேட்டது தென்காசியில், பெரியப்பாவின் ஜவுளிக்கடைத் திண்ணையில். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வெயிலுக்குப் பயந்து ஒரு ஈ காக்கை கடைக்கு வராது. எதிர்ச்சாரியில் இருந்த ஜோசியருக்கும் அதே நிலைமை. இருவரும் நடுவில் அட்டையை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் ஊர் ஆட்டத்துக்கு எங்கள் ஊர்ச் சட்டம்: அதுவரை செக் வாங்காத ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். சிப்பாய் எடுத்த எடுப்பில் இரண்டு கட்டம் போகக் கூடாது. உலகம் வேறு சட்டத்துக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்று புத்தகத்தைக் காட்டினாலும் ஜோசியர் மசிய மாட்டார். “நம்ம ராஜா தாவுவாருவே, வெள்ளக்காரன் ராஜாவுக்குத்தான் முட்டுவலி” என்பார்.

பெரியப்பா விற்றது கட்டம் போட்ட கைலி. ஜோசியர் பார்த்தது கட்டம் போட்ட ஜாதகம். இரண்டு பேரும் சண்டை போட்டது கட்டம் போட்ட அட்டையில். தமிழ் இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. இங்கிலீஷ்காரர்கள் கிட்டத்தட்ட இதே வேலையை ‘செக்’கை வைத்துச் செய்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பலகை, துணி, கணக்கு, காவல் எல்லாவற்றையும் அதில் போட்டவர்கள், ஜாதகத்தை மட்டும் எப்படியோ விட்டுவிட்டார்கள்.

பெரியப்பா “செக்!” என்று சொன்னால் நாலு கடை தள்ளிக் கேட்கும். எதிராளி கவனிக்காமல் வேறு காயை நகர்த்தினால், “ஓய், ராஜா செத்துக் கெடக்காரு, நீரு யானைக்கு வைத்தியம் பாக்கீரு” என்பார். அன்றைக்கு அது நாகரிகம். ராஜாவைத் தாக்கினால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லாமல் பிடிப்பது திருட்டு. இன்றைக்கு எந்தப் போட்டி அரங்கத்திலும் யாரும் செக் சொல்வதில்லை. சட்டம் அதைக் கேட்பதுமில்லை. கூவினால் நடுவர் முறைப்பார். உலகமெல்லாம் எல்லாவற்றுக்கும் செக் என்று சொல்லிக்கொண்டிருக்க, அது பிறந்த பலகையில் மட்டும் அந்தச் சொல்லுக்கு வாய்ப்பூட்டு.

பிறந்த கதை இப்படி. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு அங்கத்தோடு சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம் போய் ‘சத்ரங்’ ஆனது, அரபுக்காரர்களிடம் ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. பாரசீகத்தில் ராஜாவுக்கு ‘ஷா’. ராஜாவைத் தாக்கும் இடத்தில் காயை வைத்தவர், “ஷா!” என்று சொல்ல வேண்டும். மிரட்டல் மாதிரி தோன்றினாலும் அதில் ஒரு மரியாதை இருக்கிறது. சமூகம் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்று அரண்மனைச் சேவகன் குனிந்து சொல்கிற தொனி. தப்ப வழியே இல்லை என்றால் ‘ஷா மாத்’. ராஜா இறந்தார் என்று இதற்கு அரபு வழியில் பொருள் சொல்வதுண்டு. பாரசீக வழியில் பார்த்தால், ராஜா செய்வதறியாமல் திகைத்து நிற்கிறார் என்று பொருள். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. பலகையில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே. கடைசிவரை அவர் கட்டத்தில்தான் நிற்கிறார். அவருக்கு எதுவும் செய்ய முடியாமல் போகிறது, அவ்வளவுதான். கடை நொடித்த முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் அப்படித்தான், கல்லாவுக்குப் பின்னால் வழக்கம்போல உட்கார்ந்திருப்பார்கள்.

அரபுக்காரர்கள் கையால் ஐரோப்பாவுக்குப் போன ‘ஷா’, பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ ஆகி, இங்கிலீஷில் ‘செக்’ ஆக இறங்கியது. ‘செஸ்’ என்ற ஆட்டத்தின் பெயரே அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான். இந்திக்காரர்கள் இன்றும் ‘ஷெ’, ‘மாத்’ என்று பாரசீகத்தை நேரடியாகவே வைத்திருக்கிறார்கள். நமக்கும் பாரசீகம் தூரமில்லை. ஆற்காட்டு நவாப் கச்சேரியில் அது நாள்தோறும் புழங்கிய மொழி. வசூல், பாக்கி, ரசீது, ஜப்தி என்று வயிற்றைக் கலக்கும் சொற்களையெல்லாம் அப்போதே வாங்கிக்கொண்டோம். விளையாட்டுச் சொல்லை மட்டும் விட்டுவிட்டோம். பிறகு அதை பாக்தாத், பாரிஸ், லண்டன் சுற்றி, கப்பல் செலவோடு வரவழைத்தோம்.

1972இல் ரெய்காவிக்கில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் மோதியபோது பெரியப்பாவும் ஜோசியரும் பத்திரிகையில் வந்த நகர்த்தல்களை அட்டையில் வைத்துப் பார்த்து, இரண்டு உலக வீரர்களுக்கும் ஆடத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். ராஜா ஒரு தடவைகூடத் தாவவில்லையாம். அதே ஆண்டில்தான் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் மானுவல் ஆரோன் முயற்சியில் தால் செஸ் கிளப் தொடங்கியது. அங்கே ஆடிப் பழகிய ஆனந்த் 1988இல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும், 2000இல் உலகப் பட்டம் வென்றதும் எல்லோருக்கும் தெரியும். அந்த இறுதிச் சுற்று நடந்த ஊரைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். டெஹ்ரான். ‘ஷா’ என்ற சொல்லின் தாய்வீடு. அங்கே ஷாவை 1979இல் ஊரைவிட்டே அனுப்பியிருந்தார்கள். கையோடு சில ஆண்டுகள் சதுரங்கத்துக்கும் தடை போட்டிருந்தார்கள். தடை நீங்கியது 1988இல். நிஜ ஷா இல்லாத ஊரில் மர ஷாவுக்கு ஒரு தமிழர் செக் வைத்துப் பட்டத்தோடு திரும்பினார். இதைவிடப் பொருத்தமான ஊரை ஜோசியராலும் குறித்துக் கொடுத்திருக்க முடியாது.

2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் வந்தபோது சென்னை நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்துவிட்டார்கள். அதன்மேல் பஸ்ஸில் போகும்போது பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார்: “கட்டம் நல்லாருக்குல்ல சார், கைலி மாதிரி.” எனக்குப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஆள் இவர் என்று தோன்றியது.

கைலிக்கு வருவதற்கு முன்னால் அந்தக் கட்டம் துணிக்கு ஏறிய வழியைச் சொல்லிவிடுகிறேன். வழியில் ஓர் அரசாங்கமே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ராஜாவின் வரவுசெலவைச் சரிபார்க்க ஒரு மேசை. சுமார் பத்தடிக்கு ஐந்தடி. காசு உருண்டு விழாமல் இருக்க ஓரத்தில் நாலு விரல் உயரத்துக்குச் சட்டம். மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. கோடுகளுக்கு நடுவில் வில்லைகளை நகர்த்திக் கணக்குப் பார்ப்பார்கள். இந்தக் கட்டத்துக்கு ஒரு பவுன் என்றால் அடுத்ததற்கு இருபது, அதற்கடுத்ததற்கு நூறு. ரோமன் எண்களை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. கணக்கு ஒப்பிக்க வரும் நாட்டாண்மை அதிகாரிகள் பலருக்கோ எழுதப் படிக்கவே தெரியாது. கண்ணால் பார்த்தால் புரிந்துவிடும். மேசையின் ஒரு பக்கம் பொருளாளர், எதிர்ப்பக்கம் வரி வசூலித்துவந்த அதிகாரி. இருவருக்கும் நடப்பது சதுரங்கம்போல ஒரு யுத்தம்தான் என்று அங்கே பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் கடைசியில் எழுதிய நூலிலேயே சொல்லியிருக்கிறார். பலகையைப் போல இருந்ததால் மேசைக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர். மேசையின் பெயர் இலாகாவுக்கு ஏறியது. இன்றும் பிரிட்டனின் நிதியமைச்சர் ‘எக்ஸ்செக்கரின் சான்சலர்’தான். சதுரங்கப் பலகை மந்திரி என்று நாம் மொழிபெயர்த்தால் அவர் கோபிக்கக் கூடாது.

பணம் கட்டியதற்கு அங்கே ரசீது ஒரு குச்சி. தொகைக்கு ஏற்ப வெட்டுப் போட்டு, நெடுக்காகப் பிளந்து, ஆளுக்குப் பாதி. இரண்டையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் யாரோ கைவைத்திருக்கிறார். நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த இந்தக் குச்சிகளை, இனித் தேவையில்லை என்று 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடியில் இருந்த உலையில் போட்டு எரித்தார்கள். பார்லிமென்டும் சேர்ந்து எரிந்தது. பழைய பில்களை எரிக்காதே, எடைக்குப் போடு என்று பெரியப்பா சொல்லுவார். லண்டனில் கேட்க ஆளில்லை.

மேசைக்குக் கிடைத்த அதே பலகைப் பெயரிலிருந்து ‘செக்கர்’ கட்டமாகி, கட்டம் போட்ட துணி ‘செக்’ ஆனது. எங்கள் கடையில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. கைலி என்போம், பெரியவர்கள் சாரம் என்பார்கள். பெரிய கட்டம், சின்னக் கட்டம், பட்டை, கோடு. கடையநல்லூர் பக்கம் நெய்து வரும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்கும் போகும். வாங்க வருகிறவர் முதலில் கேட்பது விலை அல்ல. “சாயம் போகுமா அண்ணாச்சி?” பெரியப்பா துணியின் ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்து, தன் வெள்ளை வேட்டியிலேயே ஒற்றிக் காட்டுவார். அவருடைய வேட்டியின் வலது தொடைப் பக்கம் எப்போதும் லேசாகப் பச்சையும் சிவப்பும் இருந்ததை வாடிக்கையாளர்கள் பெருந்தன்மையாகப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததாக ஜவுளி உலகத்தில் ஒரு கதை சொல்வார்கள். 1958இல் நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு மெட்ராஸ் செக் துணி போகிறது. குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்று இங்கிருந்து சொல்லி அனுப்பிய எச்சரிக்கை வழியில் எங்கோ தொலைந்துபோகிறது. சட்டை வாங்கியவர்கள் மெஷினில் போட்டார்கள், கட்டமெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. நம்மூராக இருந்தால் கடை வாசலில் பஞ்சாயத்து. அங்கே விளம்பரக்காரர்களைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறும் அற்புதக் கைத்தறி, சாயம் போகும் என்பதற்கு முழு உத்தரவாதம் என்று எழுதினார்கள். அதற்கப்புறம் சாயம் போகாத மெட்ராஸ் துணியைத்தான் போலி என்று சந்தேகித்தார்களாம். பெரியப்பா வேட்டியை அந்த ஊரில் ஷோகேஸில் வைத்திருப்பார்கள்.

மெட்ராஸ் என்ற பெயர் ஒருபக்கம் இருக்கட்டும். மலாய்க்காரர்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு அவர்கள் மொழியில் ‘பெலிகாட்’ என்று பெயர். நம் பழவேற்காடுதான் அது. டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டி உட்கார்ந்து, அங்கிருந்து கட்டத் துணியைத் தென்கிழக்காசியா முழுக்க விற்றார்கள். கோட்டை போய், டச்சுக்காரர்கள் போய், பழவேற்காட்டில் இப்போது நாரையும் படகும்தான். ஆனால் கோலாலம்பூரில் ஒருவர் இரவு படுக்கப்போகும்போது அந்த ஊரை இடுப்பில் கட்டிக்கொள்கிறார். இங்கே நாம் அலுவலகத்துக்குக் கைலி கட்டிக்கொண்டு போனால் வாசலில் நிறுத்துகிற அதே காவலாளி, அதே கட்டத்தில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனால் சல்யூட் அடிக்கிறார். விலைச் சீட்டில் ‘மெட்ராஸ் செக்ஸ்’ என்று போட்டிருக்கும் சட்டை ஒன்றை மகன் வாங்கிக் கொடுத்தான். அந்தக் காசுக்குப் பெரியப்பா ஒரு கட்டு கைலி கொடுத்து, மஞ்சப்பையும் சும்மா கொடுத்திருப்பார்.

கட்டத் துணி மலையேறிக் கேரளம் போக வேண்டுமானால் எல்லையில் செக்போஸ்ட். ராஜாவைத் தடுத்த சொல் லாரியைத் தடுத்த இடம். ‘செக்’ என்றால் நிறுத்து, கட்டுப்படுத்து, பிறகு சரிபார் என்றெல்லாம் பொருள் விரிந்ததும் பலகையிலிருந்துதான். செக் வாங்கிய ராஜா மற்ற வேலையை எல்லாம் விட்டுவிட்டு அதைக் கவனித்தாக வேண்டுமே. லாரி டிரைவரும் அப்படித்தான் இறங்கிப் போவார். நான் சொல்வது 1970களின் கதை. அப்போது துணிக்கு விற்பனை வரியே கிடையாது. 1957இல் அதை எடுத்துவிட்டு, பதிலுக்கு உற்பத்தியிடத்திலேயே கூடுதல் ஆயத்தீர்வை என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனாலும் லாரி நிற்க வேண்டும். வரி இல்லை என்பதை நிரூபிக்க பில் காட்ட வேண்டும். கட்டை எண்ணிக் காட்ட வேண்டும். மழைக்காலத்தில் தார்ப்பாயைப் பிரித்தால் நனையும், பிரிக்காவிட்டால் எண்ண முடியாது. பெரியப்பாவுக்கு இது ஒரு வேதாந்தப் பிரச்சினை. “இல்லாததுக்கு எத்தன கையெழுத்துலே!” என்பார்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. பருத்தித் துணிக்கு 5 சதவீதம் வரி போட்டார்கள். மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். வரி இல்லாதவரைக்கும் நிறுத்திப் பார்த்தார்கள், வரி வந்ததும் ‘நீ பாட்டுக்குப் போ’ என்றுவிட்டார்கள். சாவடி மட்டும்தான் போனது. மறு வருஷமே இ-வே பில் வந்து, எந்த லாரி எந்தச் சரக்கோடு எங்கிருந்து எங்கே போகிறது என்பதைக் கம்ப்யூட்டர் தெரிந்துவைத்துக்கொண்டது. தாண்டிப் போக எல்லையே இல்லாத செக்போஸ்ட். சென்னை வேளச்சேரியில் ‘செக்போஸ்ட்’ என்றே ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. இறங்கிப் பார்த்தால் கடைகளும் அடுக்குமாடிகளும்தான். கண்டக்டர் மட்டும் விடாமல் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பஸ்ஸில் ‘செக்கிங்’ ஏறினால் பிள்ளைகளின் வயது திடீரென்று குறையும் காலமும் ஒன்று இருந்தது. கண்டக்டர் இன்வாய்ஸை முழங்காலில் வைத்து அவசரமாக எண் குறிப்பார். இப்போது மெட்ரோ கதவு வயது கேட்பதில்லை. கேட்காததாலேயே பொய் சொல்லவும் வாய்ப்பில்லை. மேடையில் ‘ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ’ சொல்லி, ஊதிப் பார்த்து, தட்டிப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் ‘செக் செக்’ என்கிறார்கள். சத்தம் அதே கரகரப்புதான். உடம்புக்கு அந்தக் காலத்தில் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லுவார். இப்போது ‘செக்கப்’ தங்கம், பிளாட்டினம் என்று நகைக்கடைக் கணக்கில் வருகிறது.

மிச்சம் இருப்பது பேங்க் செக். இதுதான் எங்கள் வீட்டில் நெடுநாள் குழப்பம் செய்தது. எங்கள் வீடு இருந்ததே செக்கடித் தெரு. மாடு சுற்றும் செக்கு, அதன் கிறீச் சத்தத்தில்தான் ஊர் விழிக்கும். “செக்கு மாத்த பேங்குக்குப் போறேன்” என்று பெரியப்பா கிளம்பினால் ஆச்சி, “இருக்கிற செக்கு நல்லாத்தானல ஓடுது, அத எதுக்கு மாத்துத? பேங்குக்காரன் எண்ணெ ஆட்டவா போறான்?” என்பாள். விளக்கிச் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டாள். தாளைக் கொடுத்தால் ரூபாய் தருவான் என்பதைவிட, செக்கை வைத்து எண்ணெய் ஆட்டுவான் என்பது அவளுக்கு நம்பத் தகுந்ததாக இருந்தது. அவள் காலத்தில் வெளியூருக்குப் பணம் அனுப்ப உண்டியல் எழுதுவார்கள். இன்ன ஊரில் இன்னாரிடம் காட்டினால் பணம் கிடைக்கும் என்று எழுதிய சீட்டு. எழுதியவரின் வாக்குத்தான் அதில் பணம். அந்த உண்டியல் செத்துப் போய், கோயில் உண்டியல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன்மேலும் இப்போது க்யூஆர் அட்டை ஒட்டியாகிவிட்டது.

பேங்க் செக்குக்கு அந்தப் பெயர் வந்தது கொடுத்த தாளால் அல்ல, கிழித்தபின் நம்மிடம் மிஞ்சும் அடிக்கட்டையால். மோசடிக்கு அது ஒரு தடுப்பு, ‘செக்’. தகராறு வந்தால் இரண்டையும் ஒட்டிப் பார்க்கலாம், பழைய குச்சி ரசீதைப் போல. பிறகு பெயர் தாளுக்கு மாறிவிட்டது. அமெரிக்கர்கள் உச்சரிக்கிறபடியே எழுதுகிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் எக்ஸ்செக்கர் ஞாபகத்தில் ஒரு ‘க்யூ’வைச் செருகி எழுத்தைக் கனமாக்கிக்கொண்டார்கள். தமிழில் இந்தத் தகராறு இல்லை, இரண்டும் ‘செக்’. காசோலை என்று அழகான சொல் அரசாங்கப் படிவத்தில் உட்கார்ந்திருக்கிறது. கவுன்டரில் யாரும் அதை எழுப்புவதில்லை.

பெரியப்பா செக் எழுதுவது ஒரு சடங்கு. கை கழுவுவார். மசி ஒட்டும் தாளை எடுத்து வைப்பார். மூலையில் இரண்டு கோடு, ஸ்கேல் வைத்து. தொகையின் பின்னால் யாரும் ஒரு சுழி சேர்த்துவிடாதபடி குறுக்குக் கோடு. வெளியூர் வியாபாரிகள் கொடுக்கும் செக்கோ பின்தேதியிட்டு வரும். அதைக் கலெக்‌ஷனுக்குப் போட்டால் ஊர் ஊராகத் தபாலில் சுற்றி, வாரக்கணக்கில் கழித்துப் பணமாகவோ ஒரு துண்டுச் சீட்டாகவோ திரும்பும். சீட்டில் ‘ரெஃபர் டு டிராயர்’ என்று இருக்கும். எழுதியவரையே கேளுங்கள் என்பது பொருள். கணக்கில் பணமில்லை என்பதை இவ்வளவு பண்பாகச் சொன்ன வாசகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பழைய பாரசீக மரியாதை அதில் மிச்சமிருந்தது. எழுதியவரைக் கேட்டால், அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, “மறுபடி போட்டுப் பாருங்களேன், இந்த வாட்டி நிக்கும்” என்பார்.

மரியாதைக் காலம் 1989 ஏப்ரலோடு முடிந்தது. 1881ஆம் வருடச் செலாவணி முறிச் சட்டத்தில் 138ஆம் பிரிவைச் சேர்த்து, செக் திரும்பினால் ஜெயில் என்றாக்கினார்கள். முதலில் ஓராண்டு வரை, பிறகு இரண்டாண்டு வரை. கடனைத் திருப்பித் தராதவர் சிவில் வழக்கில் சுகமாக இருக்க, செக் கொடுத்துத் தொலைத்தவர் கிரிமினல் கோர்ட் வாசலில் நின்றார். அதன் பிறகு செக் என்பது பணம் வாங்குவதற்கான தாள் என்பதைவிட, ஆளைப் பிடித்து வைப்பதற்கான தாள் ஆகிவிட்டது. கடன் கொடுப்பவர்கள் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக்கைக் கேட்டு வாங்கிப் பீரோவில் பூட்டினார்கள். சொல் ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய வேலைக்கே திரும்பியிருந்தது. ஒரு வித்தியாசம்: செக் வாங்கினவர் ராஜா இல்லை.

தாளின் பயணமும் நின்றது. 2011 முதல் சென்னையில் செக்கை அனுப்புவதில்லை, அதன் படத்தை அனுப்புகிறார்கள். ஆறு மாதம் செல்லும் என்றிருந்தது 2012இல் மூன்று மாதமானது. 2016இல் யுபிஐ வந்தது. அப்புறம் செக் புத்தகம் என்பது அலமாரியில் ரேஷன் கார்டுக்குக் கீழே கிடக்கும் ஒரு பொருள். செக்கடித் தெருவில் செக்கு நின்று பல காலம் ஆகிறது. சென்னையில் என் வீட்டுப் பக்கம் ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று ஒரு கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்கள். விலையைப் பார்த்தால் மாட்டையும் சேர்த்துத் தருவார்கள் போலிருக்கிறது. பில் போடும் இடத்தில் ‘செக் ஏற்கப்படமாட்டாது’ என்று எழுதியிருக்கிறது. ஆச்சிக்கு யாராவது இதைப் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

பேத்திக்குப் போன மாதம் வேலை கிடைத்தது. சம்பளம் போடக் கணக்கு விவரம் வேண்டும், ‘கேன்சல்டு செக்’ ஒன்று அனுப்பு என்று ஹெச்ஆர் கேட்டிருக்கிறார்கள். அவளுக்குக் கணக்கு இருக்கிறது, செக் புத்தகம் கிடையாது. பேங்குக்குப் போய் வாங்கி வந்தாள். ஒரு தாளைக் கிழித்து, “இதுல என்ன எழுதணும் தாத்தா?” என்று என்னிடம் நீட்டினாள்.

“குறுக்கே ரெண்டு கோடு. நடுவுல கேன்சல்டுன்னு எழுதும்மா.”

“யாருக்குன்னு எழுத வேண்டாமா? எவ்வளவுன்னு?”

“வேண்டாம். செல்லாதுன்னு தெரிஞ்சாத்தான் வாங்கிக்குவாங்க.”

கை கழுவச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. ஸ்கேல் மட்டும் கொடுத்தேன். அவள் கோடு போட்டு, படமெடுத்து அனுப்பினாள். சாயங்காலம் பதில் வந்தது. புதிதாகத் தொடங்கிய கணக்கு என்பதால் தாளில் அவள் பெயர் அச்சாகவில்லையாம். பெயர் அச்சிடாத கேன்சல்டு செக்கை ஏற்க முடியாதாம்.

“என்ன தாத்தா இது, கேன்சல் பண்ணின செக்கே செல்லாதுங்கிறாங்க?”

“ரிட்டர்ன் ஆயிருக்கு. எழுதினவங்களைக் கேக்கச் சொல்லு.”

“எழுதினது நான்தானே?”

“அப்ப பேர் அச்சடிச்ச புக்கு ஒன்னு எழுதிக் கேட்டு வாங்கு. எனக்கு ஒரு தாள் குடு, வாரக்கணக்கா எவனோ என் பென்ஷனுக்கும் ஒரு கேன்சல்டு செக் கேட்டுக்கிட்டிருக்கான்.”

“உங்க தாளையே யூஸ் பண்ணுங்க தாத்தா. இதுல என் நம்பர்தானே இருக்கு.”